வலது பையில் முந்திரி

முந்திரியை நெய் விடாமல்தான் வறுக்க வேண்டும், ஐயா. நெய் விட்டால் ருசி கூடும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இடுப்புப் பையில் போட்டுக்கொண்டு நாள் முழுவதும் வெயிலில் சுற்றினால் துணியில் கறை ஏறிவிடும். அப்புறம் எந்த சோப்புக்கும் மசியாது. நான் வெறும் சட்டியில், அடுப்பைச் சிறியதாக வைத்து வறுத்து, ஆறியதும் பாதி பாதியாக உடைத்து வைத்துக்கொள்வேன். முழு முந்திரி கொடுத்தால் மெல்லுவதற்கு நேரமாகிறது. மெல்லுகிற நேரத்தில் வேலை ஆறிப்போகிறது.

இதை முதலில் சொல்லக் காரணம், நான் அவர்களுக்குக் கண்டதையும் கொடுத்தேன் என்று வெளியே ஒரு பேச்சு இருக்கிறது. என் காதுக்கும் வந்தது. நல்ல முந்திரி, ஐயா. என் வீட்டுக்கு வாங்குகிற அதே முந்திரி. ஒரே ஒரு தடவை கை மாறிப்போனது உண்மை. அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

என் வேலை உங்களுக்குத் தெரியும். இடிந்து விழுந்த கட்டடங்களுக்குள் சிக்கிக்கொண்டவர்களை மோப்பம் பிடித்துக் கண்டுபிடிக்கிற நாய்களுக்கு நான் தலைமைப் பயிற்சியாளர். நாய்களைக் கயிறு பிடித்துக் கூட்டிப்போகிற ஹேண்ட்லர்களுக்கும் நான்தான். இத்தனை வருஷத்தில் நாய்களைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இருந்ததில்லை. மூக்கு அவற்றுக்குப் பிறவியிலேயே வந்தது. மனித வாசனை வந்தால் அந்த இடத்திலேயே நின்று குரை, பூனைக்கும் குப்பைக்கும் குரைக்காதே, இவ்வளவுதான் நான் சொல்லிக்கொடுப்பது. குட்டிகள் இதைச் சமர்த்தாகப் பிடித்துக்கொள்ளும். கெடுப்பதெல்லாம் கயிற்றின் இந்தப் பக்கம் நிற்பவர்.

என்னிடம் நான்கு ஜோடிகள். ஒரு ஹேண்ட்லருக்கு வானொலி என்று பட்டப்பெயர். நாய் தேடத் தேட, "தேடு தேடு, என் கண்ணில்ல, அங்க பாரு, அங்க இல்லயா, சரி விடு, இங்க பாரு" என்று மூச்சு விடாமல் ஒலிபரப்புவார். அவருடைய நாய் பாதி நேரம் அவர் வாயை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும். அடுத்தவர் பூட்டு. கயிற்றைப் பிடித்தால் பிடித்ததுதான். நாய் இடது பக்கம் போக வேண்டுமென்றால் அவரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போக வேண்டும். ஆள் கொஞ்சம் கனம். மூன்றாமவர் ஜலதோஷம். விவரம் தெரிந்த நாளிலிருந்து மூக்கடைப்பு. தன் மூக்கு வேலை செய்யாத காரணத்தால் உலகத்தில் வேறு எந்த மூக்கையும் அவர் நம்புவதில்லை. நாய் நின்று குரைத்தால், "எலியா இருக்கும், வா" என்று கூட்டிக்கொண்டு வந்துவிடுவார்.

நான்காமவர் என் மருமகன். வீட்டில் மாப்பிள்ளை என்று கூப்பிட்டுப் பழகிய வாய், மைதானத்திலும் அதுவேதான் வரும். கேட்டுக் கேட்டு மற்றவர்களும் அப்படியே கூப்பிட ஆரம்பித்து, கடைசியில் கேண்டீன்காரருக்கும் அவர் மாப்பிள்ளை ஆகிவிட்டார். அவருடைய நாயின் பெயர் பொட்டலம். குட்டியாக வந்து சேர்ந்த அன்று ஒரு மூலையில் சுருண்டு படுத்திருந்தது. யாரோ மறந்துவிட்டுப் போன பொட்டலம் என்று நினைத்து ஒருவர் அதைத் தூக்கி அலமாரியில் வைத்துவிட்டார். அதிலிருந்து அந்தப் பெயர்.

மாப்பிள்ளையிடம் ஒரே ஒரு குறை. அவர் நாயைப் பார்க்க மாட்டார், என்னைப் பார்ப்பார். பொட்டலம் கயிற்றை இழுத்து "இங்கே" என்று காட்டினால், உடனே திரும்பி, "சரியா அத்தை?" என்று கண்ணாலேயே கேட்பார். என் பார்வை எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் நாயை இழுத்துக்கொண்டு போவார். பயிற்சிக்காக ஒளியவைத்த ஆள் எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியுமல்லவா, அதனால் வேண்டுமென்றே வானத்தைப் பார்ப்பேன். அவரும் வானத்தைப் பார்ப்பார். பொட்டலம் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்க்கும்.

இந்தக் குறையாலேயே அவர் தகுதித் தேர்வில் இரண்டு தடவை தோற்றார். மூன்றாவது தடவையும் தோற்றால் நாயை வேறு ஊர் மையத்துக்கு அனுப்பிவிட்டு, ஆளைச் சாமான் கிடங்குக்கு மாற்றிவிடுவது எங்கள் வழக்கம். கிடங்கு ஒன்றும் கெட்ட இடம் இல்லை, மின்விசிறி எல்லாம் இருக்கிறது. ஆனால் மாப்பிள்ளை மழை வந்தால் குடையை நாய்க்குப் பிடித்துவிட்டுத் தான் நனைந்து வருகிறவர். பொட்டலத்தின் காலில் கண்ணாடி குத்தியபோது அதன் கூண்டுக்குள்ளேயே படுத்துக்கொண்டார். என் மகள் கம்பி இடுக்கு வழியாகத்தான் அவருக்குச் சாப்பாடு கொடுத்தாள். அந்த நாயை அவரிடமிருந்து பிரித்தால் மனுஷர் உடைந்துபோவார் என்று எனக்குத் தெரியும்.

மகள் ஒரு நாள் அடுப்படியில் வந்து நின்றாள்.

"அம்மா, பொட்டலத்த அனுப்பிட்டாங்கன்னா இவரு தாங்க மாட்டாரும்மா. இப்பவே சரியா சாப்பிடறது இல்ல."

"நான் என்னடி பண்ணட்டும்? தேர்வு நடத்தறவர் வெளியூர்லேருந்து வர்றாரு."

"நீ அவர ஒரு தடவையாவது நல்லா பண்ணீங்கன்னு சொல்லியிருக்கியா?"

யோசித்துப் பார்த்தேன். சொன்னதில்லை. அவரை மட்டும் இல்லை, நான்கு பேரில் யாரையும் சொன்னதில்லை. நாய்களிடம் நான் ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை, ஐயா. திட்டினால் நாய் கற்றுக்கொள்ளாது, பயப்பட மட்டும்தான் கற்றுக்கொள்ளும் என்று ஊரெல்லாம் போய் வகுப்பு எடுத்தவள் நான். அதே வாயால் இந்த நான்கு பேரையும் தினமும் காய்ச்சி எடுத்துக்கொண்டிருந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது. வெறுமனே வெட்கப்பட்டுவிட்டு நிறுத்தியிருந்தால் இன்றைக்கு நாம் இரண்டு பேரும் இந்த அறையில் உட்கார்ந்திருக்க மாட்டோம்.

நாய்க்கு எப்படிச் சொல்லிக்கொடுக்கிறோம் என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். நாய் சரியாகச் செய்த அந்த நொடியிலேயே அதற்குத் தகவல் போக வேண்டும். பிறகு போய் முதுகைத் தடவினால் எதற்குத் தடவுகிறார்கள் என்று அதற்குப் புரியாது. அதனால் உள்ளங்கையில் அடங்குகிற ஒரு தகர டப்பி வைத்திருப்போம். அமுக்கினால் 'கிணிக்' என்று சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்கு ஒரே அர்த்தம்தான். நீ செய்தது சரி, உன் வேலை முடிந்தது, வந்து கூலியை வாங்கிக்கொள். கூலி என்பது இடது பையில் இருக்கும் காய்ந்த ஈரல் துண்டு.

ஹேண்ட்லர்களுக்கும் அதே டப்பியைப் பயன்படுத்தினால் நாய்கள் குழம்பிப்போகும். தொழிலில் ஒரு ஒழுங்கு வேண்டும் இல்லையா. அதனால் ஆட்களுக்குப் பேனாவை வைத்துக்கொண்டேன். மேலே அமுக்குகிற பேனா. 'டக்'. வலது பையில் முந்திரி.

முதல் நாள் பொட்டலம் ஒரு சிமெண்ட் குழாயின் வாயில் மூக்கை வைத்தது. மாப்பிள்ளை வழக்கம்போல என்னைப் பார்த்தார். நான் பாறையாக நின்றேன். என்ன செய்வது என்று தெரியாமல் அவர் ஒரே ஒரு கணம் நாயைப் பார்த்தார். டக். "இந்தாங்க மாப்பிள்ளை, வீட்டுல வறுத்தது" என்று பாதி முந்திரியை நீட்டினேன். "ஐயோ, எதுக்கு அத்தை" என்று வாங்கிக்கொண்டார். அவ்வளவுதான் நடந்தது. இதில் என்ன தப்பு என்று நீங்களே சொல்லுங்கள். மாமியார் மாப்பிள்ளைக்கு முந்திரி கொடுத்தாள்.

சில நாட்களிலேயே அவர் கண் நாயை விட்டு நகரவில்லை. பொட்டலத்துக்கு முதலில் கூச்சமாக இருந்தது, பிறகு பழகிவிட்டது. அது காது மடக்குவதையும் வாலை நிமிர்த்துவதையும் அவர் படிக்க ஆரம்பித்தார். நாய் திரும்பினால் இவரும் திரும்பினார். அவருக்குள் இவ்வளவு நல்ல ஹேண்ட்லர் இத்தனை நாளும் எங்கே உட்கார்ந்திருந்தான் என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது. அதில் பொய் இல்லை.

ஒருவருக்கு மட்டும் கொடுத்தால் ஓரவஞ்சனை ஆகிவிடும் என்று மற்ற மூன்று பேருக்கும் ஆரம்பித்தேன். வானொலி மூச்சு வாங்குவதற்காக நிறுத்துகிற இடைவெளியில் ஒரு டக். இடைவெளி நீளமானது. கொஞ்ச நாளில் அவர் வாயே திறக்காமல் ஒரு முழுத் தேடலை முடித்தார். அவருடைய மனைவி எனக்குப் போன் செய்தார்.

"மேடம், அங்க இவருக்கு என்ன பண்ணீங்க? வீட்டுல பேச்சே இல்ல."

நான் கொஞ்சம் கலங்கித்தான் போனேன். "ஏம்மா, டாக்டர்கிட்ட காட்டணுமா?"

"மொதல்ல காட்டலாம்னுதான் நெனச்சேன். அப்புறம் வேணாம்னு விட்டுட்டேன். கல்யாணமான நாள்லேருந்து இப்பத்தான் பக்கத்து வீட்டு டிவி சத்தமே எனக்குக் கேக்குது."

பூட்டுக்குக் கயிறு தளர்ந்தபோதெல்லாம் டக். ஜலதோஷத்துக்கு, "எலியா இருக்கும்" என்று சொல்ல வாயெடுத்துச் சொல்லாமல் விட்டபோதெல்லாம் டக். அவர்கள் யாரும் எதையும் கவனிக்கவில்லை. மேடத்துக்குப் பேனாவை நோண்டுகிற பழக்கம், வயசாகி மனசும் இளகிவிட்டது என்று கேண்டீனில் பேசிக்கொண்டார்களாம். ஜலதோஷத்துக்கு நீட்டும்போதுதான் ஒரு நாள் என் கை பை மாறிப்போனது. ஈரல் துண்டு. நான் பார்ப்பதற்குள் வாயில் போட்டுக்கொண்டார். நிதானமாக மென்று முழுங்கிவிட்டு, "இன்னிக்கு உப்பு கொஞ்சம் கம்மி மேடம்" என்றார். அது ஒன்றுதான் தவறு. மற்றதெல்லாம் திட்டமிட்டுச் செய்தது.

பிறகு முந்திரியைக் குறைத்தேன். இதுவும் தொழில் முறைதான். ஒவ்வொரு தடவையும் கொடுத்தால் ஆர்வம் போய்விடும். சில தடவை கொடுத்து, சில தடவை டக் மட்டும் செய்துவிட்டு வெறும் கையைக் காட்டினால், நாயாக இருந்தாலும் சரி, யாராக இருந்தாலும் சரி, உயிரைக் கொடுத்து வேலை செய்வார்கள். நான்கு பேரும் காலையில் எனக்கு முன்னால் வந்து காத்திருக்க ஆரம்பித்தார்கள். பேனா சத்தம் கேட்டதும் எந்த வேலையில் இருந்தாலும் போட்டுவிட்டு, நேராக வந்து, என் எதிரில் உட்காருவார்கள். உட்காரச் சொல்லி நான் கேட்கவில்லை, ஐயா. ஒரு நாள் பூட்டு முட்டி வலி என்று அப்படியே தரையில் உட்கார்ந்தார். எனக்கு அது பார்க்க ஒழுங்காகத் தெரிந்தது. ஒரு டக் கொடுத்தேன். மற்றவர்கள் அவரைப் பார்த்துப் பிடித்துக்கொண்டார்கள்.

டீ குடித்த கோப்பையைக் கழுவி வைப்பதையும் அப்படித்தான் பழக்கினேன். சாயங்காலம் உயர வரிசையில் நின்று விடைபெறுவதையும். இதெல்லாம் ஒரு நிறுவனத்துக்குத் தேவையான விஷயங்கள் என்று வாதாடலாம். ஆனால் ஜலதோஷம் உட்காருவதற்கு முன்னால் வலப்பக்கமாக ஒரு சுற்று சுற்றிவிட்டு உட்காருவார், பார்த்திருப்பீர்கள். இந்த அறைக்கு வந்தபோதும் சுற்றியிருப்பார். அதற்கு எந்தப் பணிக் காரணமும் கிடையாது. அதைப் பழக்கிய அன்றைக்கு மழை பெய்துகொண்டிருந்தது, மைதானத்துக்குப் போக முடியவில்லை, எனக்கும் பொழுது போக வேண்டியிருந்தது.

தேர்வு நாள் வந்தது. தேர்வாளர் மடிப்புக் கலையாத சட்டை போட்ட மனிதர். ஒளிந்துகொள்ளத் தன் உதவியாளரையே கூட்டிவந்திருந்தார். நாங்கள் யாரும் பார்க்காத நேரத்தில் அந்த உதவியாளரை பயிற்சிக்காகக் கொட்டி வைத்திருக்கும் இடிபாட்டு மேட்டில் ஏதோ ஒரு பொந்தில் இறக்கிவிட்டு மேலே பலகையைப் போட்டு மூடிவிட்டார்கள். முதலில் மாப்பிள்ளையும் பொட்டலமும். மற்ற மூன்று பேரும் தங்கள் நாய்களைக் கட்டிவிட்டு, கயிற்று வேலிக்கு இந்தப் பக்கம் முறைக்காகக் காத்திருந்தார்கள்.

மாப்பிள்ளை உள்ளே போனார். என்னை ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பொட்டலம் காற்றுக்கு எதிராக முகத்தைத் தூக்கிக்கொண்டு ஏறியது. கயிறு தளர்வாக இருந்தது. உடைந்த தூண்களைத் தாண்டி, கவிழ்ந்து கிடந்த தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி, இரண்டு சிமெண்ட் பலகைகள் சாய்ந்து நின்ற இடத்தில் நின்றது. மூக்கை இடுக்கில் விட்டது. குரைத்தது. இனி அவர் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். கையை உயர்த்தி, "இங்கே ஆள் இருக்கிறார்" என்று சொல்ல வேண்டும். எனக்குக் கண் கலங்கிவிட்டது, ஐயா. என் மகளுக்கு என்ன சொல்வது என்றுகூட மனசுக்குள் எழுதி வைத்துவிட்டேன்.

அந்த நேரத்தில் தேர்வாளர் எதையோ குறித்துக்கொள்வதற்காகத் தன் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து அமுக்கினார்.

டக்.

பூட்டு எழுந்து வந்து தேர்வாளர் எதிரில் தரையில் உட்கார்ந்தார். வானொலி வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். ஜலதோஷம் வந்து, வலப்பக்கமாக ஒரு சுற்று சுற்றி, உட்கார்ந்தார். மூன்று பேரும் முகத்தைத் தூக்கிப் பேனாவைப் பார்த்தார்கள். தேர்வாளர் பதறிப்போனார். "ஐயய்யோ, எழுந்திருங்க, இந்த மரியாதை எல்லாம் எதுக்குங்க?" என்று சொல்லிக்கொண்டே பேனாவை மூடினார். மூடுகிறபோதும் அது டக் என்றது. மூன்று பேரும் இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தார்கள்.

மேட்டின் மேல் மாப்பிள்ளை கையைப் பாதி உயர்த்தியிருந்தார். டக் சத்தம் கேட்டதும் அந்தக் கை இறங்கியது. நீ செய்தது சரி, உன் வேலை முடிந்தது, வந்து கூலியை வாங்கிக்கொள் என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தது நான்தான். குரைத்துக்கொண்டிருந்த பொட்டலத்தை அங்கேயே விட்டுவிட்டு, பலகைகளைத் தாண்டித் தாண்டி இறங்கி வந்து, தேர்வாளர் முன்னால் உட்கார்ந்து உள்ளங்கையை நீட்டினார். தேர்வாளர் அதைப் பிடித்துக் குலுக்கினார்.

"என்னங்க, தேடி முடிச்சாச்சா?"

மாப்பிள்ளை மறுபடியும் உள்ளங்கையை நீட்டினார். அவர் முகத்தில் ஒரு நிம்மதி மட்டும் இருந்தது. மேலே பொட்டலம் தொண்டை கிழியக் குரைத்துக்கொண்டிருந்தது. "எங்கே போய்விட்டார் இந்த மனுஷர்" என்று அது திரும்பித் திரும்பிப் பார்த்தது. பலகைக்குக் கீழிருந்து உதவியாளர், "சார், நான் இங்கதான் இருக்கேன், வெளிய வரலாமா?" என்று மெல்லக் கேட்டார். நேரம் ஓடிக்கொண்டிருந்தது.

நான் வாய் திறந்து, "மாப்பிள்ளை, மேலே போங்க" என்று சொல்லியிருந்தால் தேர்வு அங்கேயே ரத்து. வெளியிலிருந்து யாரும் குரல் கொடுக்கக்கூடாது என்பது விதி. பேனாவைப் பற்றி விதியில் ஒன்றும் இல்லை. நான் போய்த் தேர்வாளர் கையிலிருந்த பேனாவை மரியாதையாக வாங்கிக்கொண்டேன். மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். குரைப்புச் சத்தம் கேட்டு அவர் தலை லேசாக மேட்டின் பக்கம் திரும்பியது. டக். பாதி முந்திரியை அந்தப் பக்கம் தரையில் போட்டேன். அவர் எழுந்து எடுத்துக்கொண்டார். இன்னும் ஒரு அடி வைத்தார். டக். அடுத்ததைத் தூணின் மேல் எறிந்தேன். அப்புறம் தொட்டியின் மேல். பந்து பிடிப்பதில் நல்ல ஆட்டக்காரர் அவர், இரண்டை அந்தரத்திலேயே பிடித்தார். தரையில் உட்கார்ந்திருந்த மூன்று பேரும் ஒவ்வொரு முந்திரிக்கும் தலையை ஒன்றாகத் திருப்பிப் பார்த்தார்கள். கடைசி முந்திரி பொட்டலத்தின் காலடியில் விழுந்தது. அது முகர்ந்து பார்த்துவிட்டு, நாகரிகமாக அவருக்கே விட்டுவிட்டது. அவர் அதை எடுக்கக் குனிந்தார், நாயைப் பார்த்தார், அது நிற்கிற இடத்தைப் பார்த்தார். கையை உயர்த்தி, "இங்க ஆள் இருக்காரு" என்றார்.

நேரத்துக்குள்தான் முடிந்தது. தேர்வாளர் என்னிடமிருந்து தன் பேனாவைத் திருப்பி வாங்கிக்கொண்டார்.

"அம்மா, நாய் பாஸ். அதுல சந்தேகமே இல்ல. இவர நான் என்னன்னு எழுதறது?"

"நீங்க பார்த்தத எழுதுங்க சார்."

"பார்த்தத எழுதினா என்னைத்தான் ஆஸ்பத்திரியில சேப்பாங்க" என்றார். அதனால்தான் விசாரிக்க நீங்கள் வந்திருக்கிறீர்கள்.

அன்று சாயங்காலம் நான்கு பேரையும் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பூட்டு தலையைச் சொறிந்தார். வானொலி ஏதோ சொல்ல வந்து, என் கையைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். ஜலதோஷம் மட்டும், "அந்த ஈரல் விஷயம் நெஜமா மேடம்?" என்று இரண்டு தடவை கேட்டார். மாப்பிள்ளை எழுந்து வெளியே போய்விட்டார். நான் பின்னால் போனேன். கூண்டுக்கு வெளியே, பொட்டலத்தின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"அத்தை, ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லுங்க. அந்த வேலைய நான் பண்ணினேனா, நீங்க பண்ண வெச்சீங்களா?"

அப்படி ஒரு கேள்வியை எந்த நாயும் என்னிடம் கேட்டதில்லை. "எனக்குத் தெரியல மாப்பிள்ளை" என்றேன். அதுதான் உண்மை.

அவர் எழுந்து, எங்கள் பழைய டிரைவரை மேட்டில் எங்காவது போய் ஒளிந்துகொள்ளச் சொன்னார். என்னை மைதானத்துக்கு வெளியே நிறுத்திக் கதவைச் சாத்தினார். நான் அலுவலக அறை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பேனா என் கையில் இருந்தது. பொட்டலம் முன்னால் போனது, அவர் பின்னால் போனார். ஒரு இடத்தில் நாய் தயங்கியது. அவர் அவசரப்படுத்தவில்லை, காத்திருந்தார். மறுபடி நகர்ந்தார்கள். டிரைவர் பழைய பேருந்தின் கூட்டுக்குள் படுத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். கண்டுபிடித்துவிட்டார்கள். என் கட்டைவிரல் பேனாவின் மேலேயே இருந்தது, ஐயா, ஆனால் அமுக்கவில்லை. அவர் மண்டியிட்டுப் பொட்டலத்தைக் கட்டிக்கொண்டார். யாரும் அவருக்கு எதுவும் கொடுக்கவில்லை. அவரும் யாரிடமும் கையை நீட்டவில்லை.

அதனால் என் வேண்டுகோள் ஒன்றுதான். என்னை எடுத்துவிடுங்கள், கிடங்குக்கு வேண்டுமானாலும் நானே போகிறேன். அவர்கள் இரண்டு பேரையும் பிரிக்காதீர்கள். நான்கு ஹேண்ட்லர்களையும் அவர்களுக்கே தெரியாமல், முந்திரியையும் பேனாவையும் வைத்து, நாயைப் பழக்குவதுபோல நான் பழக்கினேன். யாரும் என்னைத் தூண்டவில்லை. அதில் அவர்களுடைய குற்றம் எதுவும் இல்லை. இதை எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

ஆனால் நீங்கள் கடைசியாகக் கேட்டீர்களே, "வீட்லயும் இப்படித்தானாம்மா?" என்று, அது எனக்கு மனவருத்தமாக இருக்கிறது. தொழில் வேறு, குடும்பம் வேறு. மாப்பிள்ளை விஷயத்தில் நான் வீட்டில் ஒரு துரும்பையும் கிள்ளிப் போட்டதில்லை. அவரும் என் மகளும் தாங்களாகவே பழகி, தாங்களாகவே பிடித்துப்போய்க் கல்யாணம் செய்துகொண்டவர்கள். ஊரில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், காதல் கல்யாணம் என்றுதான் சொல்வார்கள். அவர் இங்கே புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த நேரம், நல்ல பையன், ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்கு வந்து போவார். என் மகள் பக்கம் அவர் திரும்பிப் பார்த்தால் தட்டில் ஒரு துண்டு கேக் வைப்பேன், அவ்வளவுதான் நான் செய்தது. மகளுக்கு இனிப்பு பிடிக்காது, அவளுக்குச் சிப்ஸ்.